விமானத்தின் வயிற்றில் சரக்கு: எடையைவிட எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பது ஏன் முக்கியம்?

2023 அக்டோபர் 22. நியூயார்க்கின் ஜான் எஃப் கென்னடி விமான நிலையம். பார்படோஸிலிருந்து வந்த ஜெட்ப்ளூ விமானத்திலிருந்து பயணிகள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென விமானத்தின் மூக்கு மேலே தூக்கியது. வால் தரையில் போய் உட்கார்ந்தது. ஆட்கள் இறங்கும்போது எடைச் சமநிலை மாறியதுதான் காரணம் என்றது நிறுவனம். நின்ற விமானம் என்பதால் யாருக்கும் காயமில்லை, வைரல் வீடியோவோடு முடிந்தது.

இதே சமநிலை வானத்தில் கெட்டுப்போனால்? அதைத் தடுக்கும் வேலை, பயணிகளின் காலடியில் இருக்கும் சரக்கு அறையில் தொடங்குகிறது.

பயணிகள் விமானத்தில் சரக்கா?

ஆமாம். நம் லக்கேஜ் மட்டுமல்ல. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகும் காய்கறி, பூ எல்லாம் பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் பறக்கின்றன.

டிவிஎஸ் 50 கணக்கு

டிவிஎஸ் 50-ல் பின்னால் மூட்டையை அதிகமாகக் கட்டினால் ஹேண்டில் லேசாகி, முன்சக்கரம் தூக்கும் இல்லையா? விமானத்திலும் அதே கதைதான். பாரம் அளவுக்கு மீறிப் பின்னால் போனால் மூக்கு தானாக மேலே எழும்பி, இறக்கைகள் தூக்கும் சக்தியை இழக்கலாம். ரொம்ப முன்னால் போனால் ஓடுபாதையில் மூக்கைத் தூக்குவதே சிரமம்.

அதனால்தான் ஒவ்வொரு பயணத்துக்கும் 'லோட் ஷீட்' தயாராகிறது. பயணிகள், லக்கேஜ், சரக்கு, எரிபொருள் என மொத்த எடை எவ்வளவு, சமநிலைப் புள்ளி எங்கே விழுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்த அறையில் எதை ஏற்ற வேண்டும் என்று லோடர்களுக்குத் தனி உத்தரவும் போகும். டேக் ஆஃப் வேகமும் என்ஜின் சக்தியும் இந்தக் கணக்கை வைத்தே முடிவாகின்றன.

கணக்கு தப்பினால் என்னவாகும் என்பதற்கு 2020 ஜூலை 21 ஒரு உதாரணம். பிரிட்டனின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் பால்மாவுக்குக் கிளம்பிய டூயி விமானத்தில், 'மிஸ்' என்று பதிவான பெண்களைச் சிறுமிகள் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. லோட் ஷீட்டில் இருந்ததைவிட விமானம் 1,244 கிலோ அதிக எடையோடு பறந்தது. நல்லவேளை, பாதுகாப்பு வரம்பைத் தாண்டவில்லை.

ஏற்றினால் போதாதா, ஏன் கட்ட வேண்டும்?

சின்ன விமானங்களில் பெட்டிகளை அடுக்கி வலையால் தடுப்பார்கள். பெரிய விமானங்களில் கன்டெய்னர்தான். பரவலாகப் பயன்படும் 'எல்டி3' வகையில், கன்டெய்னரையும் சேர்த்து 1,588 கிலோ வரை ஏற்றலாம். தரையில் இருக்கும் உருளைகளால் அதை ஒரு ஆளே தள்ளிவிட முடியும். அதுவேதான் ஆபத்தும். பூட்டு விழவில்லை என்றால், டேக் ஆஃபில் அது பின்னால் உருண்டுவிடும்.

இந்த ஆபத்தின் உச்சத்தை உலகம் பார்த்தது 2013 ஏப்ரல் 29-ல், ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்தில். 5 ராணுவக் கவச வாகனங்களோடு கிளம்பிய போயிங் 747 சரக்கு விமானம், எழும்பிய சில நொடிகளில் விழுந்தது. 7 ஊழியர்களும் இறந்தார்கள். சரியாகக் கட்டப்படாத வாகனம் ஒன்றாவது பின்னோக்கி நகர்ந்து, ஹைட்ராலிக் அமைப்பையும் வால்பகுதி இயக்கத்தையும் உடைத்தது என்றது அமெரிக்க விசாரணை. அது சரக்கு விமானம்தான். ஆனால் உள்ளே இருப்பது நகரக்கூடாது என்ற விதி எல்லா விமானத்துக்கும் ஒன்றே.

பெட்டிக்குள் என்ன இருக்கு?

நன்றாகக் கட்டினாலும், உள்ளே இருப்பது தவறான பொருள் என்றால் பயனில்லை. 1996 மே 11-ல் மியாமியில் கிளம்பிய வேல்யூஜெட் 592 பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் ஆக்சிஜன் ஜெனரேட்டர்கள் இருந்தன. காகிதத்தில் 'காலி' என்று எழுதியிருந்தது. அவை காலி இல்லை. தீப்பிடித்து, விமானத்தில் இருந்த 110 பேரும் பலியானார்கள். அதன்பிறகே அப்படிப்பட்ட சரக்கு அறைகளிலும் புகை கண்டறியும் கருவியும் தீயணைப்பு வசதியும் கட்டாயமாயின.

லித்தியம் அயன் பேட்டரிகளைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் அனுப்ப 2016 ஏப்ரல் 1 முதல் தடை இருப்பதும் தீ அபாயத்தால்தான். பவர் பேங்கை செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது என்பதற்கும் அதுவே காரணம். கேபினில் புகைந்தால் ஊழியர்கள் உடனே பார்த்து அணைக்கலாம். கீழே புகைந்தால் ஆள் போக முடியாது.

இருக்கையில் சரக்கு

கொரோனா ஊரடங்கில் இந்தக் கணக்கு தலைகீழானது. 2020 ஏப்ரல் 7-ல் ஸ்பைஸ்ஜெட், டெல்லியிலிருந்து சென்னைக்குப் பயணிகள் இருக்கைகளிலேயே அத்தியாவசியப் பொருட்களைக் கொண்டுவந்தது. கேபின், சரக்குக்காக வடிவமைத்த இடம் அல்ல. அதனால் இப்படிப் பறக்கும்போது பெட்டிகளை அசையாமல் கட்டுவதும், தீ மீது கண் வைப்பதும் கூடுதல் வேலையாகிவிடும்.

யார் பொறுப்பு?

சட்டப்படி கடைசிப் பொறுப்பு கேப்டனுக்கு. ஆனால் அவர் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்ப்பதில்லை. கையில் வரும் காகிதத்தை நம்புகிறார். அந்தக் காகிதம் உண்மையாக இருப்பது, அடுத்த பயணத்துக்கான குறுகிய இடைவெளியில் வெயிலில் குனிந்து பெட்டி அடுக்கும் லோடரிடமும், சரக்கை அனுப்புபவரிடமும் இருக்கிறது. செக்-இன் கவுன்டரில் "பவர் பேங்க் ஏதாவது இருக்கா?" என்று கேட்கும்போது பதில் சொல்லும் பயணியும் அந்த வரிசையில் ஒருவர்தான்.