கிராமக் கிரிக்கெட்டும் கனவான்கள் புரட்டும்

இங்கிலாந்து தேசத்துக் கிராமக் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு புராணம் வெகுகாலமாய் நடமாடி வருகின்றது. அதாவது, வார முடிவில் ஊர்ப் புல்வெளியிலே நிலப்பிரபுவும் கொல்லனும், பாதிரியும் பண்ணையாளும் ஒரே கட்சியில் நின்று பந்தாடினார்களாம். அதனால் அங்கே உயர்வு தாழ்வு கரைந்துபோயிற்றாம். பிரெஞ்சு தேசத்துப் பிரபுக்கள் தங்கள் குடியானவர்களோடு இப்படிக் கலந்து ஆடத் தெரியாமற்போனதால்தான் 1789-ல் புரட்சி வந்து அவர்கள் மாளிகைகள் தீப்பற்றினவாம். இது ஏதோ திண்ணைப் பேச்சென்று எண்ண வேண்டாம். ட்ரெவெல்யன் என்னும் பேர்பெற்ற சரித்திராசிரியரே 1940-களில் வெளிவந்த தம் நூலில் இந்தக் கருத்தை எழுதிவைத்தார்.

தேரிழுக்கும்போது ஊரே ஒன்றாய் வடம் பிடிக்கின்றது, ஆகையால் சாதி வித்தியாசம் இல்லை என்று நம் வைதிகர்கள் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வடம் பிடித்தவன் யார், மேலே உட்கார்ந்து வந்தவன் யார், வடத்தண்டை வராதே என்று விரட்டப்பட்டவன் யார் என்று கேட்டால் மாத்திரம் அவர்களுக்குக் கோபம் வந்துவிடும். அதையேதான் நாம் இங்கும் கேட்கின்றோம்.

முதலில் அந்த வார முடிவையே எடுத்துக்கொள்வோம். 1611-ல் சஸ்ஸெக்ஸ் ஜில்லா சிட்லஷாம் கிராமத்தில், ஈஸ்டர் ஞாயிறன்று சர்ச்சுக்குப் போகாமல் கிரிக்கெட் ஆடினார்கள் என்ற குற்றத்துக்காக இரண்டு பேருக்கு ஆளுக்குப் பன்னிரண்டு பென்ஸ் அபராதமும் பிராயச்சித்தமும் விதித்தார்கள். 1622-ல் அதே ஜில்லா பாக்ஸ்குரோவ் கிராமத்தார் சிலர் சர்ச்சு வளாகத்தில் ஞாயிறன்று ஆடியதாகப் பிராது. ஜன்னல் உடையும் என்பதும், ஒரு சிறு குழந்தையின் மண்டை மட்டையடியில் போகப் பார்த்தது என்பதும் அந்தப் பிராதில் உண்டு. குழந்தையின் மண்டையைப் பற்றிய கவலை நியாயந்தான். ஆனால் திங்கட்கிழமை வீசிய மட்டை குழந்தையின் மண்டையில் படாதா என்று அந்தப் பக்திமான்களை ஒருவரும் கேட்கவில்லை போலும்! பிறகு 1625-ல் பார்லிமெண்டே ஒரு சட்டம் செய்து, ஞாயிறன்று தன் ஊர்ச் சபையின் எல்லையைத் தாண்டிப்போய் விளையாட்டுக்குக் கூடுவதைத் தடுத்துவிட்டது. பக்கத்து ஊருக்குப் போய் மேட்ச் ஆடுவது குற்றமென்று அர்த்தம்.

தோழர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு நாள் எஜமானனுக்கு. ஏழாம் நாள் பாதிரிக்கு. பாடுபடுகிறவன் பந்தாடுவது எட்டாம் நாளிலா?

இந்தக் கணக்கை மாற்றியது தெய்வமுமல்ல, நிலப்பிரபுவின் தயாள குணமுமல்ல. வேலை நேரத்தைக் குறைக்க வேண்டுமென்று ஆலைத் தொழிலாளர்கள் வருஷக்கணக்காய்ச் செய்த கிளர்ச்சியின் பேரில், 1850-ம் வருஷத்துச் சட்டம் நெசவாலைகளில் பெண்களுக்கும் இளம்பிள்ளைகளுக்கும் சனிக்கிழமை பகல் இரண்டு மணியோடு வேலையை நிறுத்தியது. (ஒருசில பாதிரிகள் தொழிலாளர் பக்கம் நின்றதுண்டு; இல்லையென்று நாம் சொல்லவில்லை.) அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலில் முளைத்தவைதான் வாரமுடிவு லீக் பந்தயங்கள். லங்காஷயர் லீக் ஏற்பட்டது 1892-ல். ஞாயிற்றுக்கிழமையோ அதற்குப் பின்னும் வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. கவுண்டிப் போட்டியில் ஞாயிறன்று ஆட்டம் வந்தது 1966-ல்தான். அந்நாட்டு டெஸ்ட் பந்தயத்தில் 1981-ல். எந்த வானமும் இடிந்து விழவில்லை.

இனி, அந்தக் கலந்தாடும் சமத்துவத்தின் லட்சணத்தைப் பார்ப்போம். கிராமத்தில் கொல்லனோடு கூடி ஆடிய அதே கனவான்கள் பெரிய மைதானத்துக்குப் போனதும் என்ன செய்தார்கள்? கூலி வாங்காமல் ஆடுபவன் 'கனவான்' என்றும், வயிற்றுப் பாட்டுக்கு ஆடுபவன் 'ஆட்டக்காரன்' என்றும் இரண்டு சாதி வகுத்தார்கள். 1806 முதல் 1962 வரையில் இந்த இரண்டு சாதிக்கும் பந்தயமே நடந்தது. இருவருக்கும் உடை மாற்ற வேறு வேறு அறை. மைதானத்தில் இறங்க வேறு வேறு வாசல். கனவானுக்குத் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால், கூலிக்காரனுக்குப் பின்னால். ஒரு தடவை லார்ட்ஸ் மைதானத்தில், அச்சிட்ட சீட்டில் 'எஃப். ஜே. டிட்மஸ்' என்றிருப்பதை 'டிட்மஸ், எஃப். ஜே.' என்று திருத்தி வாசிக்கும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்களாம். பூணூல் இடம் மாறினால் நம்மவர்கள் படும் பதைப்புக்கு இது குறைந்ததா?

கனவான் பணமே தொடுவதில்லை என்பதும் பொய். டாக்டர் கிரேஸ் என்னும் பெரிய 'அமெச்சூர்' 1873-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போக வாங்கியது 1500 பவுன், செலவு வேறு. அவரோடு போன கூலி ஆட்டக்காரனுக்குக் கிடைத்தது அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தச் சரக்கு கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தபோது, ஏற்கெனவே இங்கிருந்த சரக்கோடு சேர்ந்து இரட்டிப்பு நாற்றமாய்விட்டது. பல்வங்கர் பாலு என்ற சாமார் வகுப்புத் தோழர் பூனாவில் வெள்ளைக்காரர் கழகத்து மைதானத்தில் வேலை பார்த்துக்கொண்டே பந்து வீசப் பழகினார். அவர் கையால் விக்கெட் எடுக்க இந்துக் கனவான்களுக்கு ஆட்சேபணை இல்லை. தேநீர் வேளை வந்தால் மாத்திரம் அவருக்கு வெளியே தனியிடம், தனி மண்குவளை! பந்தில் ஒட்டாத தீட்டு தேநீரில் எப்படி ஒட்டுகிறது என்பதற்கு எந்த சாஸ்திரியும் விடை சொன்னதில்லை. அவர் 1911-ல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்குமேல் சாய்த்தும் இந்துக் கட்சிக்குத் தலைமை தர மனம் வரவில்லை. 1923-ல் அவர் தம்பி விட்டலுக்கு அது கிடைத்தது.

நிற்க, பெண்கள் சங்கதி. 1745 ஜூலை 26-ல் சர்ரே ஜில்லாவில் பிராம்லி, ஹாம்பிள்டன் என்னும் இரண்டு கிராமத்துப் பெண்கள், பக்கத்துக்குப் பதினொருவராய் மேட்ச் ஆடியது பத்திரிகையில் வந்திருக்கின்றது. ஆட்டத்துக்கே சட்டம் எழுதும் எம்.சி.சி. பிறந்ததோ 1787-ல். அது பெண்களை அங்கத்தினராய்ச் சேர்க்க 211 வருஷம் யோசித்து 1998-ல் சம்மதித்தது. அதுவரை கிராமக் கழகங்களில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட உத்தியோகம் பெரும்பாலும் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதும் தேநீர் ஊற்றுவதும்தான்.

ஆட்டத்தை நாம் குறை கூறவில்லை. அதில் மெச்சத்தக்க விஷயம் ஒன்று உண்டு. சின்னக் கிராம மேட்சுகளில் சம்பளத்துக்கு அம்பயர் வைக்கப் பணமிருக்காது. ஆகையால் மட்டை பிடிக்கும் கட்சியாரே இருவர் போய் நிற்பார்கள். தன் கட்சித் தலைவனே எல்.பி.டபிள்யூ. ஆனாலும், அந்தக் கட்சிக்காரனேதான் விரலை உயர்த்த வேண்டும். எண்ணெய்க் கொப்பரைக்குப் பயந்தா உயர்த்துகிறான்? சொந்த நாணயமும், அடுத்த வாரமும் அவர்களோடு ஆட வேண்டுமே என்கிற அறிவும் அவனுக்குப் போதும். சட்டமும் அப்படியே. 1744-ல் மனிதர் எழுதினார்கள்; 1864-ல் தோளுக்குமேல் கையை உயர்த்திப் பந்து வீசலாமென்று திருத்தினார்கள்; 2021-ல் 'பேட்ஸ்மேன்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, பெண்ணுக்கும் பொருந்த 'பேட்டர்' என்று போட்டார்கள்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது எல்லாம் சரியாய்விட்டது என்று சில கனவான்கள் சொல்லக்கூடும். இங்கிலாந்து கிரிக்கெட் போர்டு தானே நியமித்த விசாரணைக் குழு 2023 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில், நிறபேதமும், பெண்களைத் தாழ்த்துவதும், வர்க்க பேதமும் அந்த ஆட்டத்தில் பரவிக் கிடப்பதாகக் கண்டது. போர்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. மன்னிப்புக் கேட்ட பிறகும் புல்வெளிப் புராணம் வாசிக்க வருகிறவர்கள், டிட்மஸின் தலைப்பெழுத்துக்கும் பாலுவின் மண்குவளைக்கும் முதலில் சமாதானம் சொல்லட்டும்.