எத்தனை பேர் வருவீர்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

நமது ஊரில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்குப் போகும் குறுக்கு வீதியொன்றில் ஐந்து மாதங்களுக்கு முன்னர் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் விளம்பரம் என்பீர்கள். ஊரில் இருப்பவர்களுக்கு எதுவென்று தெரியும். மொத்தம் பதினான்கு கதிரைகள். மெனு கார்ட் கிடையாது. இஷாவுக்குப் பிறகு ஒரே ஒரு பந்தி. ஏழு சின்னத் தட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். என்ன வரும் என்பதை அன்று காலைச் சந்தையும் கரைவலையும்தான் தீர்மானிக்கும். ஆளுக்கு 1,800 ரூபா.

கடை திறந்த கிழமை நமது பேஸ்புக் குழுக்களில் நடந்த பகிடி ஞாபகம் இருக்கும். "ஏழு தட்டு, ஏழு வாய்." "சாப்பிட்டு முடிய நேரே கொத்துக் கடைக்குப் போகணும்." ஒருவர் ஒரு பெரிய வெள்ளைத் தட்டின் நடுவில் ஒற்றைக் கடலையை வைத்துப் படம் பிடித்துப் போட்டிருந்தார். நாங்களும் சிரித்தோம். சிரிப்பு முகம் போட்டவர்களில் எங்கள் ஆசிரியர் அறையில் பாதிப்பேர் இருந்தோம்.

அந்தக் கடைக்காரப் பொடியன் எங்கள் மாணவன். சாதாரண தரத்தில் கணிதம் அவனைக் கைவிட்டது, அல்லது நாங்கள் கைவிட்டோம். எப்படியும் சொல்லலாம். கட்டாருக்குப் போய் ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் சட்டி கழுவத் தொடங்கினான். எட்டு வருடத்தில் அதே சமையலறையில் மீன் பகுதிக்குப் பொறுப்பாளனாக ஆகியிருக்கிறான். இதெல்லாம் அவன் திரும்பி வந்து கடை போட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அவன் வீட்டார் ஊரில் "ஹோட்டல் மெனேஜ்மன்ட்" என்றுதான் சொல்லி வந்தார்கள். மகன் கோக்கி என்று சொன்னால் பெண் கிடைக்காதாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் முதல் தடவை போனபோது முதலில் வந்தது ஒரு விரல் உயரக் கோப்பையில் நோன்புக் கஞ்சி. ஆனால் வடித்துத் தெளிந்த சாறாக. பார்த்தால் பிளேன்டீ மாதிரி, வாயில் வைத்தால் பள்ளிவாசல் முற்றம். அடுத்து மாங்காயும் மாசியும் போட்ட வாவி இறால். பிறகு கீரி மீன். யாரும் விருந்தாளிக்குக் கொடுக்க வெட்கப்படும் மீன் அது. முள்ளை ஒன்றுகூட விடாமல் எடுத்து, கொறுக்காய்ப் புளியில் ஊறவைத்து, மேலே பொரித்த கறிவேப்பிலையோடு தந்தான். கணவாய்க்குள் பிட்டை அடைத்து, மேலே சொதி ஊற்றி ஒரு தட்டு. அதற்குப் பிறகு மாட்டின் கன்னத்து இறைச்சி, ஆறு மணித்தியாலம் அடுப்பில் கிடந்தது. கரண்டி பட்டதும் பிரிந்தது. ஆறாவதாகச் சோறு வந்தது, நான்கு பேருக்கு ஒரு குட்டிச் சஹனில். "வயிறு நிறையுமா" என்று கேட்டவர்களுக்கு அவன் வைத்திருந்த பதில் அது. கடைசியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும், பக்கத்தில் கடற்பாசி.

கடற்பாசியில் கொஞ்சம் நிற்போம். நோன்பு காலத்தில் நமது உம்மாமார் காய்ச்சி, சிவப்பும் பச்சையுமாகத் தட்டில் ஊற்றி, வெட்டி வைக்கும் அதே சாமான்தான். ஸ்பெயினில் எல் புல்லி என்றொரு உணவகம் இருந்தது. உலகத்துச் சமையல்காரர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்த இடம், 2011இல் மூடினார்கள். அதன் சமையல்காரர் ஃபெரான் அட்ரியா 1990களின் கடைசியில் சூடாகவே பரிமாறக்கூடிய ஜெலி செய்து பெயர் வாங்கியதும் இந்த அகாரை வைத்துத்தான். மாட்டு ஜெலட்டினில் செய்த ஜெலி சூட்டில் கரைந்துவிடும், கடற்பாசி கரையாது. நமது உம்மாமாருக்கு இது தெரியும். அவர்களைத் தேடி யாரும் விமானம் ஏறி வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இப்படி ஒரு சாப்பாட்டை 1,800 ரூபாவுக்கு எப்படித் தர முடிகிறது? ஒரு சிக்கன் கொத்தும் ஒரு பலூடாவும் முடித்துவிட்டு எழும்பினாலே 1,500ஐத் தாண்டுகிறது. கொழும்பு நட்சத்திர ஹோட்டலில் இதே மாதிரி ஏழு தட்டுக்கு என்ன விலை என்று நாம் கேட்டுப் பார்க்கவும் மாட்டோம்.

வழி புதியது அல்ல. பாரிஸில் ஈவ் கம்டெபோர்ட் என்பவர் கிறில்லோன் என்ற மாளிகை மாதிரி ஹோட்டலில் வேலை செய்துவிட்டு, 1992இல் நகரத்தின் ஓரத்தில், பதினான்காம் வட்டாரத்தில், லா ரெகலாட் என்று ஒரு சின்னக் கடையைத் திறந்தார். மாளிகையில் படித்த கைவேலை, பேட்டைக் கடையின் விலை. வெள்ளி முட்கரண்டியும் பட்டு விரிப்பும் இல்லை. விலை குறைந்த இறைச்சித் துண்டுகள், நிர்ணயித்த ஒரே விலை. இப்படியான கடைகள் பெருகி, 2004இல் ஒரு பத்திரிகையாளர் அவற்றுக்கு 'பிஸ்ட்ரோனொமி' என்று பெயரே வைத்துவிட்டார்.

டென்மார்க்கில் 2010இல் கிறிஸ்டியன் புலீசி என்பவர் கொப்பன்ஹேகனின் நோரெப்ரோ பகுதியில் ரிலே என்ற கடையைத் தொடங்கினார். நோரெப்ரோ வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள், நம்மவர்கள் உட்பட, நிறைய வாழும் பகுதி. கடை இருந்த வீதி போதைப்பொருள் விற்பனையால் பெயர் கெட்டிருந்த வீதி. அவர் செய்த ஒரு வேலை எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு மேசைக்கும் லாச்சி வைத்தார். கத்தி, கரண்டி எல்லாம் அதற்குள் இருக்கும். வந்தவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும். சமைத்தவர்களே தட்டையும் கொண்டு வந்து வைப்பார்கள். ஆட்கூலி குறைகிறது, மிஞ்சும் காசு சாப்பாட்டில் சேர்கிறது. 2012இல் மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது, லாச்சி அப்படியே இருந்தது.

நமது பொடியனும் இதைத்தான் செய்கிறான். கொத்துக் கடையில் ஐம்பது அறுபது வகை எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். யார் எதைக் கேட்பார்களோ என்று எல்லாவற்றையும் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். இரவு பன்னிரண்டு மணிக்கு மிஞ்சியதன் விலையும் நமது பில்லில்தான் இருக்கிறது. இவன் பதினான்கு பேர் என்றால் பதினான்கு கணவாய் வாங்குகிறான்.

ஆனால் ஒரு இடத்தில் பாரிஸ்காரனுக்கும் கொப்பன்ஹேகன்காரனுக்கும் இருக்கிற வசதி இவனுக்கு இல்லை. அந்த நாடுகளில் இப்படியான கடைகளின் இலாபத்தில் பெரும் பங்கு வைனிலிருந்து வருகிறது. சாப்பாட்டில் கையைக் கடித்தாலும் போத்தலில் பிடித்துவிடுவார்கள். நமது பொடியன் விற்பது நன்னாரியும் தேசிக்காய்த் தண்ணியும். அதில் என்ன பிடிக்கலாம்? ஆகவே அவனுடைய கணக்கு முழுவதும் ஒரேயொரு கேள்வியில் நிற்கிறது: எத்தனை பேர் வருவீர்கள்?

கணக்கை அவனிடமே கேட்டோம். கொப்பியைத் திறந்து காட்டினான். பதினான்கு பேரும் வந்தால் ஒரு இரவுக்கு 25,200 ரூபா. சாமான் 10,500. கூட வேலை செய்யும் இரண்டு பொடியன்களுக்கு 5,000. வாடகை, கரண்ட், கேஸ் எல்லாம் பிரித்துப் போட்டால் 4,000. மிச்சம் 5,700. கணிதத்தில் சித்தியடையாதவனின் கொப்பி அது. ஒரு வெட்டுக் குத்து இல்லை.

இப்போது எங்கள் கதையைச் சொல்கிறோம். போன மாதம் எங்கள் ஆசிரியர் அறையிலிருந்து ஒன்பது பேருக்குப் பெயர் கொடுத்தோம். ஒரு சேர் ஓய்வு பெறுகிறார், அதற்காக. போனது நான்கு பேர். ஒருவருக்கு மாமி வந்துவிட்டார். ஒருவருக்கு மழை. ஒருவர், "அட, இண்டைக்கா?" என்றார். மற்ற இருவர் கோல் எடுக்கவே இல்லை. அன்று வேறு ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் மட்டும் வந்திருந்தார்கள். ஆக ஐந்து கதிரைகள் சும்மா கிடந்தன. அந்த ஐந்து கதிரைகளுக்கு முன்னாலும் கோப்பை வைக்கப்பட்டிருந்தது. 9,000 ரூபா போய்விட்டது. கொப்பிக் கணக்கின்படி அன்றிரவு அவனுக்கு 3,300 ரூபா நட்டம்.

வெளியே வந்தபோது ஐந்து பார்சல்களைச் சந்தி ஆட்டோக்காரர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். நாங்கள் என்னவோ சொல்ல வாயெடுத்தோம். "பரவாயில்ல சேர்" என்றான். வகுப்பில் கடைசி வாங்கில் எழுப்பி நிற்பாட்டியபோதும் இதைத்தான் சொல்வான்.

நமக்கு எண்ணத் தெரியாதா? கலியாண வீட்டில் முதல் கேள்வியே "எத்தனை சஹன்?" என்பதுதானே. ஒரு சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர், எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே நேரம், மெனு கார்ட் இல்லை. யாரும் போய் "எனக்குக் கோழி வேண்டாம், மீன் கொண்டு வா" என்று சொல்வதில்லை. அந்தக் கடையில் நடப்பதும் வேறொன்றும் இல்லை. பாரிஸ்காரன் கண்டுபிடித்தான் என்று நாம் அண்ணாந்து பார்க்கும் முறையில் பாதி நமது முற்றத்தில் பாய் விரித்து நடந்தது. வலீமாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் விட்டால் ஒரு வருடத்துக்கு முகம் பார்க்க மாட்டார்கள். கடைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாவிட்டால் மட்டும் அது ஒன்றும் இல்லையா?

அவன் ஆளுக்கு 500 ரூபா முன்பணம் கேட்கத் தொடங்கியதும் ஒரு சத்தம் எழும்பியது. "நம்மில நம்பிக்கை இல்லையா?" என்று. சிக்காகோவில் 2011இல் நெக்ஸ்ட் என்ற உணவகம், சாப்பாட்டுக்கு முழுக் காசையும் முன்கூட்டியே வாங்கி, படம் பார்க்கப் போவது போல டிக்கெட் விற்றது. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் சீட் புக் பண்ணும்போது காசு கட்டுகிறோம். பிந்திப் போனால் பஸ் நமக்காக நிற்காது. அங்கே யாரும் நம்பிக்கையைப் பற்றிக் கதைப்பதில்லை. பஸ் கம்பனி முதலாளியிடம் கேட்காத கேள்வியைப் பக்கத்து வீட்டுப் பொடியனிடம் கேட்கிறோம்.

அவனிடமும் குறை இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பயான் பண்ணுகிறான். சாறு ஆறிப்போகிறது. சின்னப் பிள்ளைகளால் இரண்டு மணித்தியாலம் இருக்க முடியாது. பெரிய குறை விலைதான். நமக்குக் குறைந்த விலை என்று நாங்கள் எழுதுகிறோம், மாதச் சம்பளக்காரர்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 9,000 ரூபா. கரைவலை இழுக்கிறவர் தான் பிடித்த கீரியை அங்கே போய்ச் சாப்பிட முடியாது. கிழமையில் ஒரு பகல், நான்கு தட்டு, 700 ரூபாவுக்குப் போடு என்று சொல்லியிருக்கிறோம். யோசிக்கிறேன் என்றான். பெண்களுக்கென்று செவ்வாய்க்கிழமையை ஒதுக்கியது நல்ல வேலை. அன்றுதான் அவனுக்குக் கதிரைகள் நிரம்புகின்றன என்று கேள்வி. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது யார் என்று இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

அவனுடைய பழைய ஹோட்டலிலிருந்து பெரிய கோக்கி இரண்டு தடவை கோல் எடுத்திருக்கிறார். விசாவுக்குப் பதில் சொல்ல இந்த மாதக் கடைசி வரை தவணை. போனால் கடை மூடப்படும், கூட நிற்கும் இரண்டு பொடியன்களும் அதே கட்டார் வழியைத்தான் பார்ப்பார்கள். 2022இல் கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில், பிள்ளைகள் எல்லாம் நாட்டை விட்டுப் போகிறார்களே என்று இதே பக்கத்தில் எவ்வளவு எழுதினோம். ஒருவன் திரும்பி வந்திருக்கிறான்.

வரும் வியாழக்கிழமைக்கு மறுபடியும் ஒன்பது பேருக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். முழுக் காசையும் கட்டியாயிற்று. போன தடவை வராத ஐந்து பேரில் மூன்று பேர் அந்த நாளின் காசையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். மற்ற இருவரும் இந்தப் பதிவை வாசிப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.