ரோமாபுரிக் குடியரசைக் கொன்றவர் யார்?

கி.மு. 133. ரோமாபுரியிலே காபிடோல் குன்றின்மீது மக்கள் கூட்டம். தேர்தல் நடக்கிறது. செனட் கூடியிருந்த இடத்திலிருந்து புறப்பட்டு வருகிறது ஓர் அணி. பகைநாட்டுப் படையா? அல்ல. கூலிக்கு அமர்த்தப்பட்ட காலிகள் மட்டுமா? அதுவுமல்ல. நாட்டின் மூத்தோர், மாண்புமிகு செனட்டர்கள்! கையிலே வாளில்லை, ஆகவே வழியிலிருந்த ஆசனப் பலகைகளை உடைத்து, கால்களைப் பிடுங்கித் தடிகளாக்கிக்கொண்டனர். முன்னே நடக்கிறார் சிப்பியோ நாசிகா. ரோமாபுரியின் தலைமைக் குரு. பலியிடும் வேளையிலே பூசாரி செய்வதுபோல, மேலாடையால் தலையை மூடிக்கொண்டு நடக்கிறார். பலியும் நடந்தேறிற்று. பலியானவர் டைபீரியஸ் கிராக்கஸ். தங்களைக் காக்கவென்று எளிய மக்கள் தேர்ந்தெடுத்த டிரிப்யூன். டிரிப்யூன்மீது கை வைப்பது தெய்வக் குற்றம் என்று சட்டம் செய்து வைத்திருந்த நாடு அது! அவரோடு 300க்கு மேற்பட்டோர் அடித்தே கொல்லப்பட்டனர். பிணங்கள் டைபர் ஆற்றிலே எறியப்பட்டன.

அந்த நாளிலிருந்துதான் கணக்கெடுக்கவேண்டும் என்கிறோம் நாம். ஏடுகள் பல வேறு விதமாகக் கூறும். ரூபிகான் ஆற்றைச் சீசர் கடந்தான், குடியரசு மாண்டது என்று கூறும். ஆற்றைக் கடந்தது கி.மு. 49. குன்றின்மீது தடி வீழ்ந்ததற்கும் ஆற்றைக் கடந்ததற்கும் இடையே 84 ஆண்டுகள்! நோயும் காயமும் நஞ்சும் சேர்ந்து நாடி தளர்ந்து கிடந்த உடலை இறுதியிலே மிதித்தவன் அவன்; அவன் ஒருவனையே கொலைகாரன் என்று காட்டிவிட்டால், நஞ்சு கொடுத்தவர்கள் நல்லவர்களாகித் தப்பிவிடுகிறார்களே!

டைபீரியஸ் கேட்டது என்ன? மணிமுடியா? இத்தாலியிலே போர் நடத்திப் பிடித்த நிலமெல்லாம் பொதுவுடைமை. அந்தப் பொது நிலத்தை ஒருவர் 500 யூகெராவுக்குமேல் — ஏறத்தாழ 310 ஏக்கருக்குமேல் — வைத்திருத்தலாகாது என்பது பழைய சட்டம். பழைய சட்டத்தைத்தான் அவர் நினைவூட்டினார். அதையும் தளர்த்தி, மக்களுக்கென்று கூடுதலாக நிலம் வைத்துக்கொள்ளவும் இடங்கொடுத்தார். மிச்சத்தை நிலமற்றோருக்குப் பகிர்ந்தளிக்கவேண்டும் என்றார். யார் அந்த நிலமற்றோர்? கார்த்தேஜிலும் ஸ்பெயினிலும் கிரேக்கத்திலும் குருதி சிந்தி, ரோமாபுரியை உலகின் தலைவியாக்கிய உழவர்கள். களத்திலிருந்து திரும்பி வந்து பார்க்கிறார்கள். சீமான்களின் பண்ணைகளிலே அடிமைகள் உழுகிறார்கள். எந்த அடிமைகள்? இந்த உழவர்களே போரிலே பிடித்துக் கொடுத்த அடிமைகள்! தன் கைவிலங்கைத் தானே வடித்துக் கொடுத்த கொல்லனின் கதை இதனினும் கொடியதாக இருக்க முடியுமா?

பன்னிரண்டு ஆண்டு கழிந்து தம்பி கேயஸ் கிராக்கஸின் முறை வந்தது. கி.மு. 121-இலே, நாட்டைக் காக்க எதையும் செய்யலாம் என்று கான்சல் ஒபிமியஸுக்கு ஆணை பிறப்பித்தது செனட். தலையைக் கொணர்வோருக்கு எடைக்கு எடை பொன் என்று பறை சாற்றினர். தலையைக் கொண்டுவந்தவன் மூளையை எடுத்துவிட்டு ஈயத்தை வார்த்து எடையைக் கூட்டினான் என்று புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். சீமான்களின் ஊழியன் சீமான்களின் வழியிலேதானே நடப்பான்! 3,000 பேர் மாண்டனர். பிறகு அதே ஒபிமியஸ் கோயில் ஒன்று எழுப்பினான். எந்தத் தெய்வத்துக்கு? ஒற்றுமைத் தெய்வத்துக்கு! நகைக்காதீர், உண்மை.

நிலம் கேட்டவனுக்கு நிலம் இல்லை என்றாயிற்று. பசித்தவன் என்ன செய்வான்? கி.மு. 107-இலே மேரியஸ் அந்த நிலமற்றோரைப் படையிலே சேர்த்தான். செனட் தராத நிலத்தைத் தளபதி தருவேன் என்றான். அன்றுமுதல் வீரனுக்குத் தாய்நாடு என்பது தளபதியின் கூடாரமாயிற்று. கி.மு. 88-இலே சல்லா தன் படையை ரோமாபுரியின்மீதே திருப்பினான். அதிகாரிகள் பலர் அஞ்சி விலகினர், வீரர்கள் விலகவில்லை. கி.மு. 82-இல் மீண்டும் வந்து, கொல்லப்படவேண்டியோர் பட்டியலைப் பொதுவிடத்திலே தொங்கவிட்டான். பட்டியலிலே பெயர் வந்தால் உயிரும் போயிற்று, சொத்தும் போயிற்று. கால வரையற்ற சர்வாதிகாரியானான். செனட் எதிர்த்ததா? சல்லா செனட்டின் ஆள். டிரிப்யூன்களின் உரிமையைப் பறித்தவன். ஆகவே அவன் சர்வாதிகாரம் சீமான்களுக்குச் சர்க்கரைப் பொங்கலாக இனித்தது. படையோடு வருகிறவன் எதையும் செய்யலாம் என்ற பாடத்தைச் சீசருக்குக் கற்பித்த ஆசான் யார் என்று இனியும் கேட்கவேண்டுமா?

இதற்கிடையே ஸ்பார்ட்டகஸ். அடிமைகளைத் திரட்டி எழுந்தான். கி.மு. 71-இலே அடக்கினர். கபுவாவிலிருந்து ரோமாபுரி வரை, அப்பியன் சாலையின் ஓரமெல்லாம் 6,000 சிலுவைகள். குடியரசின் மேன்மை பேசுவோர் அந்தச் சாலை வழியே ஒருமுறை மனத்தால் நடந்து வரட்டும், பிறகு பேசட்டும்.

மதம் இங்கே ஆற்றிய தொண்டையும் சொல்லவேண்டும். மக்கள் மன்றம் கூடுவதற்கு முன் வானத்தைப் பார்க்கவேண்டும், பறவை பார்க்கவேண்டும், சகுனம் கேட்கவேண்டும். சகுனம் கூடாது என்று அதிகாரியொருவர் சொல்லிவிட்டால் கூட்டம் கலைந்துவிடவேண்டும். கி.மு. 59-இலே போர்வீரர்களுக்கும் ஏழைகளுக்கும் நிலம் வழங்கும் சட்டத்தைச் சீசர் கொண்டுவந்தபோது, உடன் கான்சலாக இருந்த பிபுலஸ் எதிர்த்தான். தலையிலே சாணத்தைக் கொட்டி விரட்டினர். வீட்டுக்குள்ளே புகுந்துகொண்ட பிபுலஸ், ஆண்டு முடியும்வரை ‘வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று அறிவிப்பு விடுத்துக்கொண்டே இருந்தான்! வயலுக்கு வழியில்லாதவன் வாயிலில் நிற்கிறான். வானத்திலே மின்னலைத் தேடுகிறார் கான்சல். சீசர் மட்டும் பகுத்தறிவாளனோ? கி.மு. 63-இலே கடன்மேல் கடன் வாங்கிக் கையூட்டு வாரியிறைத்துத் தலைமைக் குரு பதவியைப் பிடித்தவன் அவன். இருவருக்கும் தெய்வம் கைக்கருவி. ஒருவன் கருவி மழுங்கியது, மற்றவன் கருவி வெட்டியது.

கி.மு. 44, மார்ச் 15. வாழ்நாள் சர்வாதிகாரியாகிவிட்ட சீசர் 23 குத்துகள் பட்டு வீழ்ந்தான். ‘விடுதலை!’ என்று முழங்கினர் குத்தியவர்கள். அவர்களிலே முதல்வன் ப்ரூட்டஸ். இன்றும் நாடக மேடையிலே நல்லவனாகக் காட்சி தருபவன். அந்த நல்லவன் சைப்ரஸ் தீவின் சலாமிஸ் நகரத்துக்குக் கடன் கொடுத்திருந்தான். வட்டி என்ன தெரியுமா? ஆண்டுக்கு நூற்றுக்கு 48! வசூலிக்கச் சென்ற அவனுடைய ஆள் குதிரைப்படையை வைத்து அந்நகர மன்றத்தை முற்றுகையிட்டான். உள்ளே அடைபட்ட மன்றத்தினரில் ஐவர் பட்டினியால் செத்தனர். சிசிரோவின் கடிதங்களிலே இருக்கிறது இந்தக் கதை. கொடுங்கோலனைக் குத்திய கத்தி கந்துவட்டிக்காரனின் இடுப்பிலிருந்து வந்தது. அந்த விடுதலையை நம்பி ரோமாபுரி மக்கள் வீதிக்கு வரவில்லை என்றால், மக்கள்மீதா குறை?

வந்தான் ஆக்டேவியன், சீசரின் சுவீகார மகன், பதினெட்டு வயது வாலிபன். ஆண்டனியோடும் லெபிடஸோடும் கூடி, கி.மு. 43-இலே மீண்டும் பட்டியல் தொங்கவிட்டான். சிசிரோவின் தலையும் கையும், அவர் நின்று பேசிய மேடையிலேயே வைக்கப்பட்டன. மறு ஆண்டு செனட் சீசரைத் தெய்வம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்டுத் தெய்வத்தைப் படைத்தனர், தோழர்களே! தந்தை தெய்வமானால் மகன்? தெய்வத்தின் திருமகன். அப்படியே காசிலும் பொறித்துக்கொண்டான். அந்த வெள்ளிக் காசுகள் வணிகத்தின் வழியே கடல் கடந்து வந்து, நம் கொங்கு மண்ணிலும் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. வாங்கிய நம் முன்னோர் தெய்வமகனைத் தேடவில்லை, வெள்ளியை நிறுத்துப் பார்த்தனர் என்றே எண்ணுகிறோம்.

ஆக்டியத்திலே கி.மு. 31-இல் ஆண்டனியை வென்றபின், கி.மு. 27-இலே நடந்ததுதான் நாடகங்களுக்கெல்லாம் நாடகம். ஆட்சியைச் செனட்டிடமும் மக்களிடமும் திருப்பித் தந்துவிட்டேன் என்றான். அழுது தொழுது, வேண்டாம் என்றனர் செனட்டர்கள். சரி, உங்களுக்காக என்று ஸ்பெயினையும் காலியாவையும் சிரியாவையும் வைத்துக்கொண்டான். படைகளில் பெரும்பகுதி எங்கே இருந்தது? அங்கேதான்! அகஸ்டஸ் என்ற பட்டமும் சூட்டினர். செனட் இருந்தது, கான்சல்கள் இருந்தனர், டிரிப்யூன்களும் இருந்தனர். ஒரு பலகைகூட அசைக்கப்படவில்லை. டிரிப்யூனின் அதிகாரத்தை மட்டும் கி.மு. 23-இலே, டிரிப்யூன் ஆகாமலே, தானே எடுத்துக்கொண்டான். கிராக்கஸ் ஏந்தி உயிர்விட்ட கேடயம் அரசனின் மார்பிலே அணியாயிற்று. கி.மு. 12-இலே தலைமைக் குருவும் அவனே. சிதைந்த கோயில்கள் 82-ஐப் புதுப்பித்தேன் என்று அவனே எழுதி வைத்தான்.

ஊருக்குச் சோறு கிடைத்தது, போர் ஓய்ந்தது; அதை மறைக்க நாம் விரும்பவில்லை. நூறாண்டுக் கொலைக்குப் பின் அமைதியை யார் தந்தாலும் மக்கள் வாங்கிக்கொள்வர். மக்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர் யார் என்பதே நம் கேள்வி.

கி.பி. 14-இலே அகஸ்டஸ் மாண்டான். அவன் வானுலகு ஏறியதைக் கண்ணாரக் கண்டேன் என்று ஆணையிட்டார் நுமேரியஸ் அட்டிகஸ் என்ற செனட்டர். அதற்கு அரசி லிவியா அளித்த பரிசு பத்து லட்சம் செஸ்டர்ஸ்! ஆக, புதிய தெய்வம் பிறந்தது. அதே ஆண்டிலேயே அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் மக்கள் மன்றத்தைவிட்டுச் செனட்டுக்கு மாறிற்று. மக்களிடமிருந்து முணுமுணுப்புக்குமேல் எழவில்லை.

கி.பி. 41-இலே காலிகுலாவை மெய்க்காவலர் சிலர் கொன்றனர். செனட் கூடிற்று, மீண்டும் குடியரசு என்று பேசிற்று. உணர்ச்சி பொங்கும் சொற்பொழிவுகள்! அதே வேளையில் அரண்மனைத் திரைமறைவிலே நடுங்கி நின்ற கிளாடியஸைக் காவற்படை வீரர்கள் கண்டெடுத்துத் தூக்கிச் சென்றனர். ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் தருவதாக அவன் ஒப்பினான். பேரம் படிந்தது, மறுநாள் அவன் பேரரசன். அந்த ஒரே இரவிலே, காவலருக்குக் கான்சல்கள் அளித்திருந்த அடையாளச் சொல் ‘விடுதலை’.