இடுப்பின் நோவுக்குப் புள்ளி இடுபவர் யார்?

இடுப்பு மூட்டை மாற்றும் சத்திரசிகிச்சை வெற்றி பெற்றது என அறிவிக்கும் உரிமை எவருக்கு உரியது? வைத்திய உலகம் இவ்வினாவுக்கு நெடுங்காலம் ஒரே விடையையே வைத்திருந்தது. வெட்டியவரே அறிவிப்பார். எக்ஸ்-கதிர்ப்படத்தில் உலோகத் தண்டு நேராக நிற்கிறது, காயம் ஆறிவிட்டது, சீழ் இல்லை, ஆகவே வெற்றி. கட்டிலிற் கிடப்பவரிடம் சுகம் கேட்பது மரியாதையின் பாற்பட்டது. அவர் கூறும் விடை கணக்கிற் சேர்வதில்லை.

1962 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி இன்றைய மூட்டு மாற்று முறைக்கு அடிகோலினார். ஏழாண்டுகளின் பின் அமெரிக்கரான வில்லியம் ஹரிஸ், இடுப்புச் சிகிச்சையின் பயனை நூறு புள்ளிகளில் அளக்கும் முறையொன்றை வெளியிட்டார். வைத்தியர் கேட்டும் பார்த்தும் நிரப்பும் தாள் அது. நோவின்மைக்கு 44 புள்ளிகள். நடை முதலிய செயல்களுக்கு 47. எஞ்சியவை மூட்டின் அசைவுக்கும் அங்கக் கோணலின்மைக்கும் உரியன. அந்த 47 இல், நாற்காலியில் ஒரு மணி நேரம் வசதியாக இருத்தலுக்கு 5 புள்ளிகள். பேருந்தில் ஏறுவதற்கு ஒரேயொரு புள்ளி. குந்தியிருத்தலுக்கு அத்தாளில் இடமே இல்லை.

மூதூருக்குத் தெற்கே வயல் சூழ்ந்த கிளிவெட்டியில் இத்தாளை விரித்துப் பார்த்தல் தகும். அவ்வூர் முதியவள் ஒருத்திக்கு இடுப்பு மூட்டு மாற்றப்பட்டது எனக் கொள்ளலாம். அவள் உண்பது பாயில், தேங்காய் துருவுவது துருவலையில், குளிப்பது கிணற்றடியில், கோவிலில் அமர்வது மணலில். குந்தாமல் அவளுக்கு ஒரு பொழுதும் கழிவதில்லை. வைத்தியரோ, மூட்டு நழுவிவிடும் என்று அஞ்சி, தாழ இருத்தலையும் காலை மடக்கிக் குந்துதலையும் விலக்கி அனுப்புகிறார். அந்த அறிவுரையிற் பிழையில்லை. ஆயினும் அவள் இழந்தவை எந்தப் பத்தியிலும் எழுதப்படுவதில்லை. அயல்வீட்டு நாற்காலியை இரவல் வாங்கி அமர்ந்தால் ஐந்து புள்ளிகளும் முழுமையாகக் கிடைத்துவிடும்! திருகோணமலைக்குச் செல்லும் பேருந்தின் உயர்ந்த மிதிபலகையில் ஏற மாட்டாதவளாயின் இழப்பது ஒரு புள்ளி. ஆனால் அந்த ஒரு புள்ளியை இழந்தவள் மீண்டும் வைத்தியசாலைக்கே வரமாட்டாள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டமையால் தோணித்துறையில் காத்திருக்கும் துன்பம் ஒழிந்தது. மிதிபலகையின் உயரம் குறையவில்லை.

நோயாளரையே நேரிற் கேட்கும் முயற்சி பின்னரே வலுப்பெற்றது. 1996 இல் வெளிவந்த ஒக்ஸ்போர்ட் இடுப்பு வினாக்கொத்து பன்னிரண்டே வினாக்களைக் கொண்டது. கடந்த நான்கு வாரங்களில் நோவு எவ்வளவு, இரவிற் படுக்கையில் உறுத்தியதா, எவ்வளவு நேரம் நடக்க முடிந்தது என்று அது வினவுகிறது. இங்கிலாந்தின் அரச வைத்தியசேவை 2009 ஏப்ரல் முதல் சத்திரசிகிச்சைக்கு முன்னும் ஆறு மாதங்களின் பின்னும் நோயாளரிடம் இவ்வினாக்களைக் கேட்கலாயிற்று. முன்னும் பின்னும் கேட்பதே இதன் உயிர்நாடி. பின்னர் மட்டும் கேட்டால் எவ்வளவு மாறியது என்பது எவ்வாறு புலனாகும்?

நோவு என்பது அகவுணர்வு, அதை எண்ணாக்குதல் விஞ்ஞானமாகாது என்பார் உளர். அந்த அகவுணர்வைத் தீர்ப்பதற்காகவே எலும்பு அறுக்கப்பட்டது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அறுப்பதற்குப் போதிய சான்றாக இருந்த அவளுடைய சொல், அறுத்த பின் சான்றாகாமற் போவது விந்தையே.

மறுபுறத்தில், அப்பன்னிரண்டையும் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிவிட்டால் கடமை முடிந்தது என எண்ணுவோரும் கண்டிக்கத்தக்கவரே. காலுறை அணிய முடிகிறதா என்று அவ்வினாக்கொத்து கேட்கிறது. கிளிவெட்டியின் வயற்காரி எந்தக் காலுறையை அணிவாள்? இதனினும் பெரிய இடர் ‘இடுப்பு’ என்ற சொல்லிலேயே உள்ளது. தமிழ் வழக்கில் அது சேலை செருகும் இடத்தையும் பிள்ளையை ஏந்தும் இடத்தையும் நாரியையும் ஒருங்கே குறிக்கும். வைத்தியர் கருதும் மூட்டின் நோவோ பெரும்பாலும் தொடைச் சந்திலும் தொடையிலும், சிலவேளை முழங்காலிலும் தோன்றும். ‘இடுப்பு நோகிறதா’ என்று கேட்டால், ஆயுள் முழுதும் குனிந்து நாற்று நட்டவள் நாரியுளைவை எண்ணி ‘ஆம்’ என்பாள். நல்ல மூட்டு கெட்டதாகப் பதியப்படும். வினாவைத் தமிழிற் சமைப்போர் முதலில் நோயாளர் சிலரிடம் அதைக் கேட்டு, எவ்விடத்தைத் தொட்டுக் காட்டுகின்றனர் என்று பார்த்திருக்க வேண்டும்.

கேட்பவர் எவர் என்பதும் சிறிய செய்தியன்று. இலவசமாகச் சிகிச்சை செய்த கையின் முன்னே ‘பரவாயில்லை, ஐயா’ என்பதைத் தவிர வேறு சொல் எழுவதில்லை. அது நன்றியின் மொழி. அதை நோவின் அளவெனக் குறித்துக்கொள்வது கணக்கன்று. பல வேளைகளில் அவளருகே நிற்கும் மகனே அவளுக்காக விடை பகர்கிறான்.

சத்திரசிகிச்சை செய்யப்பட்ட ஒவ்வொருவரையும் தொடர்ந்து சென்று இறுதிப் பயனைக் குறித்தல் வேண்டும் என்று பொஸ்ரன் நகரத்து ஏர்னஸ்ட் கொட்மன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாதிட்டார்; சக வைத்தியரின் பகையே அவருக்குக் கிட்டிற்று. தொடர்ந்து செல்லுதல் என்பது கிளிவெட்டி போன்ற ஊரில் எவ்வளவு கடினம் என்பதை 2006 இன் பின்னரான ஆண்டுகள் காட்டின. சம்பூரிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தன. பழைய முகவரிக்கு அனுப்பிய கடிதம் அவர்களை எங்கே தேடும்? வராதவர் சுகமடைந்தவர் என்று ஊகிப்பது ஏட்டுக்கு எளிது. ஆறாம் மாதம் வருக என்று சீட்டெழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, சத்திரசிகிச்சையிற் பங்குகொள்ளாத சுகாதார ஊழியர் ஒருவர் துவிச்சக்கரவண்டியிற் சென்று, மகனைச் சற்று வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அவளுடைய பாயருகே அமர்ந்து கேட்கலாம். பன்னிரண்டு வினாக்களுக்குக் கால் மணி நேரம் போதும். கிணற்றடியைப் பற்றிய பதின்மூன்றாவது வினாவுக்கு இன்னும் சிறிது நேரம் ஆகும்.