ஜெயித்த அணியின் மீது கட்டியும் பணம் போச்சு!
அமெரிக்கக் கால்பந்துப் பந்தயத்தின் கணக்கு

அமெரிக்காவில் செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஞாயிற்றுக்கிழமை என்றால் கால்பந்துதான். இது காலால் உதைத்து ஆடும் நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்.

இந்த ஆட்டத்தின் மீது பணம் கட்ட, பெரும்பாலான மாநிலங்களில் முன்பு அனுமதி இல்லை. அதற்குத் தடையாக இருந்த 1992-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று 2018-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. பிறகு 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அனுமதி கொடுத்துவிட்டன. பல மாநிலங்களில் வீட்டில் இருந்தபடியே செல்போனில் பணம் கட்டலாம்.

புதிதாகக் கட்டுகிறவர்களைக் குழப்புவது ஒன்று உண்டு. அதுதான் "பாயிண்டு வித்தியாசம்".

அண்ணனும் தம்பியும்

அண்ணனும் தம்பியும் ஓட்டப்பந்தயம் ஓடுகிறார்கள். அண்ணன் ஜெயிப்பான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே, தம்பியைப் பத்து அடி முன்னால் நிறுத்துகிறோம். இப்போது யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியுமா?

பந்தயக் கம்பெனி செய்வதும் இதுதான். பலமான அணிக்கு 7 பாயிண்டு வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். அந்த அணி 7-க்கு மேல் வித்தியாசம் காட்டி ஜெயித்தால்தான் அதன் மீது கட்டியவருக்குப் பணம். 3 பாயிண்டில் ஜெயித்தால், அணிக்கு வெற்றி, கட்டியவருக்குத் தோல்வி! சரியாக 7 என்றால், கட்டிய பணம் திரும்பி வரும். இதைத் தவிர்க்கவே ஆறரை, ஏழரை என்று அரைப் பாயிண்டு வைப்பதும் உண்டு.

எப்படி வைக்கிறார்கள்?

முதலில் இரு அணிகளின் பலத்தையும் எண்ணால் மதிப்பிடுவார்கள். சொந்த ஊரில் ஆடும் அணிக்குக் கொஞ்சம் கூட்டுவார்கள். முக்கிய ஆட்டக்காரருக்குக் காயமா, மழையா, காற்றா என்றும் பார்ப்பார்கள்.

எண்ணை அறிவித்த பிறகும் வேலை முடியாது. ஒரு பக்கம் பணம் குவிந்தால் எண்ணை அரை, ஒன்று என்று நகர்த்துவார்கள். மறுபக்கமும் பணம் வரவேண்டும் அல்லவா?

கம்பெனியும் ஏமாறும்!

1969-ல் நடந்த "சூப்பர் பவுல்" இறுதி ஆட்டத்தில் பால்டிமோர் அணிக்கு 18 பாயிண்டு வைத்தார்கள். ஆனால் நியூயார்க் ஜெட்ஸ் அணி 16-7 என்று ஜெயித்தது!

1979 இறுதி ஆட்டம் இன்னும் வேடிக்கை. பிட்ஸ்பர்க் அணிக்கு முதலில் மூன்றரை வைத்தார்கள். பணம் குவிந்ததும் நாலரை ஆக்கினார்கள். பிட்ஸ்பர்க் 35-31 என்று ஜெயித்தது. வித்தியாசம் சரியாக 4! மூன்றரையில் பிட்ஸ்பர்க் மீது கட்டியவருக்கும் பணம். நாலரையில் எதிரணியான டல்லாஸ் மீது கட்டியவருக்கும் பணம். கம்பெனிகளுக்குப் பெருத்த நஷ்டம்.

லாபம் யாருக்கு?

ஆனால் இப்படி நடப்பது அபூர்வம். வழக்கமாக, 10 டாலர் லாபம் பெற 11 டாலர் கட்டவேண்டும். ஆளுக்கு ஒரு பக்கமாக இருவர் கட்டினால் 22 டாலர் சேரும். ஜெயித்தவருக்கு 21 டாலர் போகும். மீதி 1 டாலர் கம்பெனிக்கு. யார் ஜெயித்தாலும் கம்பெனிக்குக் கவலை இல்லை.

ஒருவர் 100 முறை கட்டி 50 முறை ஜெயித்தால் வரவு 500 டாலர்; இழப்பு 550 டாலர். பாதிக்குப் பாதி ஜெயித்தும் 50 டாலர் நஷ்டம்! 52 முறை ஜெயித்தாலும் 8 டாலர் கையைக் கடிக்கும். 53-வது வெற்றியில்தான் லாபம் தலைகாட்டும்.

இரு பக்கமும் சமம் என்று தோன்றும்படி எண்ணை வைக்கிறார்கள். அதனால்தான் புதியவருக்கு, "பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறதே" என்ற ஆசை பிறக்கிறது. அந்தப் பாதி போதாது என்பதுதான் கணக்கு. குடும்பச் செலவுக்கு வைத்த பணத்தை எடுத்துக் கட்டுகிறவர் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும்.