விலையைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்

மாணவர்களே, அமெரிக்காவின் சிலேட் நிறுவனம் 2025 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய மின்சாரப் பிக்கப் வண்டி எனக்குப் பிடித்திருக்கிறது. வானொலி இல்லை. சாயம்கூடப் பூசவில்லை. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். ஆடம்பரத்தைக் கழித்து விலையைக் குறைப்பது துணிச்சல்தான்.

ஆனால், ‘20,000 டாலருக்கும் கீழ்’ என்றது அரசாங்கத்தின் 7,500 டாலர் வரிச்சலுகையையும் கழித்த பிறகு வரும் தொகை. அந்தச் சலுகை அதே ஆண்டு செப்டம்பரோடு முடிந்துவிட்டது.

ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் முன்பதிவு செய்தார்களே என்று கேட்கலாம். கட்டியது 50 டாலர், அதையும் திரும்பப் பெறலாம்! நான் அதை ஆர்வம் என்பேன், விற்பனை என்று சொல்லமாட்டேன். டெஸ்லாவின் சைபர்டிரக்குக்கும் 2019இல் இப்படித்தான் முன்பதிவுகள் குவிந்தன. அப்போது சொன்ன தொடக்க விலை 39,900 டாலர். 2023 இறுதியில் வாடிக்கையாளர்களுக்கு வண்டி கொடுக்கத் தொடங்கியபோது அது 60,990 ஆகியிருந்தது.