ஆராய்ச்சி மணியை அடிப்பது யார்?

கன்றை இழந்த பசு அடித்த மணியோசை கேட்டு, பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன் என்ற கதையைத் தொடக்கப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். மயிலுக்குப் போர்வை தந்த பேகனை மேடைதோறும் புகழ்கிறோம். யானையும் சிலந்தியும் வழிபட்ட தலம் என்று நம் திருவானைக்காவைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். உயிர்களிடத்து இரக்கம் என்பது தமிழனுக்குப் புதிய பாடம் அன்று. ஆனால் அந்த இரக்கம் இன்று எந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை சொல்வோம்? விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கே சென்ற ஆண்டுவரை தெரியாது.

தெரிந்துகொண்ட கதையைச் சொல்கிறேன்.

என் தந்தை மாட்டு வண்டி ஓட்டுபவர். திருவரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில் எங்கள் வீடு. குவாரி திறந்திருந்த நாட்களில் மணல், மூடிய நாட்களில் செங்கல், வைக்கோல் என்று வண்டி ஓடியதால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கல்லூரிக் கட்டணத்தில் மயிலைக் காளைக்கும் செவலைக் காளைக்கும் பங்கு உண்டு. அவற்றின் கழுத்தில் நுகத்தடி அழுத்திய புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசிய கை இது.

சென்ற கோடை விடுமுறையில், விலங்கு நலச் சட்டம் பற்றிய 'இன்டர்ன்ஷிப்' என்னும் களப்பயிற்சிக்கு ஆள் எடுப்பதாக நண்பன் ஒருவன் சொன்னான். விண்ணப்பித்தேன். சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமே இடம் என்று பதில் வந்தது. அப்படியே கிடைத்திருந்தாலும் பெருநகரத்தில் ஒரு மாதம் சம்பளமின்றித் தங்கிப் பயில என்னால் முடிந்திருக்காது. மனம் சோர்ந்தாலும் ஆவல் சோரவில்லை. கைப்பேசியில் சட்டத்தின் ஆங்கில மூலத்தை இறக்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படிக்கத் தொடங்கினேன்.

வியப்புக்கு மேல் வியப்பு! இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் மதுரையில் பிறந்த ஒரு பெண்மணி. கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். விலங்கு வதைக்கு எதிராக அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் பயனாகவே 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே தலைவர்; சென்னையே தலைமையிடம். 2018இல் அந்த அலுவலகம் அரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டது. நம் மண்ணில் தோன்றிய சட்டம் நமக்கே தூரத்து உறவாகிவிட்டது.

அந்தச் சட்டத்தின் கீழ் 1965இல் வண்டி மாடுகளுக்கென்றே விதிகள் வந்தன. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் மாட்டைப் பூட்டக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 மணி முதல் 3 மணிவரை கூடவே கூடாது. திருச்சி வெயிலில் சித்திரையும் வைகாசியும் எப்படி இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிரவே அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்தவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "சட்டம் போட்டவங்க நல்லவங்கதான்டா. ஆனா உச்சி வெயில்ல லோடு வரணும்னு நிக்கிறவங்ககிட்ட இதை யாரு சொல்றது?"

எனக்குப் பேச்சு எழவில்லை. மறுநாள் மீண்டும் அந்த விதியை எடுத்துப் படித்தேன். மாட்டை அவ்வாறு பயன்படுத்தக் கூடாது என்பதோடு, பயன்படுத்தச் செய்யவும் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது! அப்பா கேட்ட கேள்விக்கு விடை 1965 முதல் அங்கே இருக்கிறது. ஓட்டுபவரை மட்டுமன்று, ஓட்ட வைப்பவரையும் கேட்கிறது விதி. ஆனால் சாலையில் யாரேனும் நிறுத்தினால் தலைகுனிந்து நிற்பவர் வண்டிக்காரர் ஒருவரே. லோடு கேட்டவரோ மின்விசிறிக்குக் கீழே இருக்கிறார்.

வசதியான வீட்டுப் பிள்ளை இந்த விதியைப் படித்தால் மாட்டைப் பார்ப்பான். வண்டிக்காரன் மகன் படித்தால் மாட்டையும் பார்ப்பான், நுகத்தின் இந்தப் பக்கம் நிற்கும் மனிதனையும் பார்ப்பான். இப்பயிற்சி அரசுக் கலைக் கல்லூரி மாணவர்களுக்கும் வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான்.

"மனிதனுக்கே நீதி கிடைக்காத நாட்டில் மாட்டுக்கு நீதியா?" என்று சில நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. உச்சி வெயிலில் மாடு நிழலில் நின்றால் அதை ஓட்டுபவனும் நிழலில் நிற்பான். சமயபுரத்தில் 2018 மே மாதம் கோயில் யானை மசினி தன் பாகனையே மிதித்துக் கொன்றது. பின்னர் அது முதுமலைக்குக் கொண்டு செல்லப்பட்டது. வளர்ப்பு யானைகளின் பராமரிப்புக்கெனத் தமிழக அரசு 2011இலேயே விதிகள் வகுத்திருந்தது. யானையின் துன்பமும் பாகனின் துன்பமும் ஒரே கொட்டடியில்தான் வாழ்கின்றன. ஆண்டாளையும் அகிலாவையும் பார்த்து வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகள் அந்த விதிகளை ஒருமுறையேனும் படித்திருக்க வேண்டாமா?

2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக மாணவர் கூட்டம் மெரினாவில் கடலெனத் திரண்டது. அந்த மாதமே 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் தமிழகத்தில் திருத்தம் வந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லும் என்றது. அந்தச் சட்டத்தின் பெயரை ஊரே உச்சரித்தது. ஆனால் அதைத் திறந்து படித்தவர் சிலரே. மாட்டை வதைத்தவனுக்கு முதல் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய்வரைதான் அபராதம் என்பது பலருக்கு இன்றும் தெரியாது. இரண்டு பேர் தேநீரும் வடையும் சாப்பிட்டால் தீர்ந்துவிடும் தொகை! இதை மாற்ற 2022 நவம்பரில் மத்திய அரசு வரைவு மசோதா வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் அது தெரியாது. அபராதம் உயர்ந்தால் அது யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியவர்களே வாய் திறக்காமல் போனார்கள்.

என்ன செய்யலாம்? மாவட்டந்தோறும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்பது 2001ஆம் ஆண்டு விதி. அதன் பொறுப்பில், விடுமுறையில் ஒரு மாதப் பயிற்சியை உள்ளூரிலேயே, தமிழிலேயே நடத்தலாம். திருச்சியில் 1979 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. நாவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. சட்ட மாணவர் ஒருவரையும் நம் கல்லூரி மாணவர் ஒருவரையும் இணைத்து அனுப்பினால் அவருக்குப் பிரிவு தெரியும், நமக்குப் பிராணி தெரியும். கால்நடை மருத்துவமனையில் ஒரு வாரம், வண்டிப்பேட்டையிலும் சந்தையிலும் ஒரு வாரம், விதிகளை எளிய தமிழில் எழுத ஒரு வாரம், ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதிப் பழக ஒரு வாரம் என வகுத்துக்கொள்ளலாம். பேருந்துச் செலவும் மதிய உணவும் தந்தால் போதும். கோடையில் கூலிக்குப் போய்த்தான் மறு ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற நிலையில் உள்ளவனுக்குச் சிறு உதவித்தொகையும் வேண்டும். இல்லையேல் அவன் இப்பயிற்சிக்கு வரமாட்டான், வரவேண்டியவனே அவன்தான்.

மனுநீதிச் சோழன் கட்டிய மணியில் கயிறு பசுவுக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. இன்றும் மணி இருக்கிறது. கயிறுதான் ஆங்கிலத்திலும் தலைநகரத்திலும் சிக்கி மேலே போய்விட்டது. அதைக் கீழே இறக்கும் பணியில் நம் கைகளும் சேர வேண்டாமா, நண்பர்களே?

இந்தக் கோடையில் உச்சி வேளைக்கு லோடு கேட்டு வந்த ஒருவரிடம் அந்த விதியை நானே தமிழில் எழுதிக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே மூன்று மணிக்கு வரச் சொன்னார். அன்று புளிய மரத்தடியில் மயிலையும் செவலையும் படுத்து அசைபோட்டன. பக்கத்தில் துண்டை விரித்து அப்பா உறங்கினார்.